ரெண்டு போர் பார்த்தவனும் எங்க நைனாவும்

படம் ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. காலையில் கண் விழிக்கிறாள் ஒருத்தி. பக்கத்தில் படுத்திருக்கும் புருஷனுக்குக் காலை வணக்கம் சொல்கிறாள். பதிலுக்கு அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விடுகிறான். அவள் எழுந்து வேலையைப் பார்க்கப் போகிறாள். எதுவுமே நடக்காத மாதிரி.

எங்கள் காலனியில், சமுதாயக் கூடத்துச் சுவரில் கட்டியிருந்த வேட்டியில் இந்தக் காட்சி ஓடியபோது கூட்டம் சிரித்தது. ஆம்பளைங்க சிரித்தார்கள். பொம்பளைங்களிலும் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த என் அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து முழங்காலைச் சுற்றி மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

நாங்கள் ஏன் சிரித்தோம் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை எழுதித் தீர்க்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் எழுதாமல் இருக்க முடியாது என்று தோன்றுகிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போகிற சாலையில் இருக்கிறது ஒரகடம். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி. இன்றைக்கு சிப்காட். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் எல்லாம் இங்கே தயாராகி வெளியே போகின்றன. கழனி இருந்தபோது நாங்கள் படியாள். கம்பெனி வந்த பிறகு கான்ட்ராக்ட் லேபர். ஊர்த்தெருவில் நிலம் விற்றவர்கள் வாடகைக்குக் கார் விட்டார்கள், மெஸ் வைத்தார்கள், ஆள் சப்ளை எடுத்தார்கள். எங்களிடம் விற்பதற்கு இருந்தது உடம்புதான். அதை முன்பும் விற்றோம், இப்போதும் விற்கிறோம். விடியற்காலை மூன்றரை மணிக்கே எங்கள் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். நீலச் சட்டை ஒரு பஸ், சாம்பல் சட்டை ஒரு பஸ். பாதிக்கு மேல் பெண்கள்.

எங்கள் அம்பேத்கர் படிப்பகத்துப் பிள்ளைகள் மாதம் ஒரு படம் போடுகிறார்கள். தொழிற்சங்கத் தோழர் ஒருவர் புரொஜெக்டர் கொடுத்தார். இந்த முறை இத்தாலிப் படம் என்றதும் எனக்கே சந்தேகம்தான். 'சே அங்கோரா தொமானி' என்று பெயர். இன்னும் நாளை இருக்கிறது என்று அர்த்தம். 2023இல் வந்தது. பாவ்லா கொர்தெல்லேசி என்கிற நடிகை முதல்முறையாக இயக்கி, அவரே நடித்தது. இந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். அந்த நாட்டில் அந்த வருஷம் வசூலில் முதலில் நின்ற படம். ஐம்பது லட்சம் பேருக்கு மேல் தியேட்டருக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். படிப்பகத்தில் ஒரு பொண்ணு, செங்கல்பட்டில் காலேஜ் படிக்கிறது, வசனம் முழுவதையும் நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு மைக்கில் படித்தது. ஆம்பளை பேசுவதையும் அதுதான் படித்தது, பொம்பளை பேசுவதையும் அதுதான் படித்தது. அடிக்கிறவன் வசனமும் அடி வாங்குகிறவள் வசனமும் ஒரே குரலில் வந்தன. அது எனக்கு என்னவோ செய்தது.

கதை 1946இல் ரோம் நகரத்தில் நடக்கிறது. போர் முடிந்து, முசோலினி ஒழிந்து, அமெரிக்க சிப்பாய்கள் தெருவில் நிற்கிற காலம். தெலியா என்று ஒரு ஏழைப் பெண். புருஷன் இவானோ. மூன்று பிள்ளைகள். படுக்கையில் கிடக்கிற மாமனார். ஊசி போடுகிறாள், துணி துவைக்கிறாள், உள்பாடி தைக்கிறாள், குடை ரிப்பேர் செய்கிறாள். குடைக் கடைக்குப் புதிதாக ஒரு பையன் வருகிறான். அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பதே இவள்தான். ஆனால் அவனுக்கு இவளைவிடக் கூலி அதிகம். ஏன் என்று கேட்டால், அவன் ஆம்பளையாச்சே என்கிறார் முதலாளி. இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தமிழ் தேவைப்படவில்லை. பொம்பளைங்க பக்கத்திலிருந்து, "அதான் நடக்குது இன்னிக்கும்" என்று ஒரு குரல் வந்தது. நடவுக்குப் பொம்பளைக் கூலி, ஏருக்கு ஆம்பளைக் கூலி என்று வாங்கிய வாய் அது. சம வேலைக்குச் சமக் கூலி என்று இங்கே சட்டம் வந்தது 1976இல்.

வாங்குகிற காசில் கொஞ்சத்தைப் புருஷனுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிறாள் தெலியா. மூத்த மகள் மார்செல்லாவின் கல்யாணத் துணிக்கு. மகளோ, இப்படி அடி வாங்கிக்கொண்டு கிடக்கிறாளே என்று அம்மாவைக் கேவலமாகப் பார்க்கிறாள். கொஞ்சம் வசதியான வீட்டுப் பையன் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ள வருகிறான். நல்லவன்தான். ஆனால் ஒருநாள் அவள் உதட்டுச் சாயத்தைக் கையால் தேய்த்து அழிக்கிறான். நீ எனக்கு மட்டும்தான் என்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்கிறான். எட்ட நின்று பார்க்கிற தெலியாவுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. இதுவும் இவானோதான், வயசுதான் கம்மி.

அக்கம்பக்கத்துக்கு எல்லாம் தெரியும். அடி விழுகிற சத்தம் முற்றத்தில் எல்லோருக்கும் கேட்கிறது. அவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: பாவம், அவன் ரெண்டு போர் பார்த்தவன், அதனால் கோபக்காரன். படம் முழுக்க இந்தப் பேச்சு வந்துகொண்டே இருக்கிறது. ரெண்டு போர் பார்த்தவன். மைக்கில் அந்தப் பொண்ணு இதை மூன்றாவது தடவை படித்தபோது எனக்கு வியர்த்தது. ஏனென்றால் இந்த வசனத்தை நான் எழுதியிருக்கிறேன். வேறு வார்த்தையில்.

என் நைனா படியாள். விடிவதற்கு முன்னே ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டகையில் நிற்க வேண்டும். அவரைவிட வயதில் சின்னப் பையன்கள் எல்லாம் "டேய்" என்பார்கள். கைகட்டி, குனிந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். ராத்திரி சாராயம் குடித்துவிட்டு வருவார். வந்தால் அம்மாவை அடிப்பார். கஞ்சியில் உப்பு இல்லை, விளக்கில் எண்ணெய் இல்லை, ஏதாவது ஒன்று. அம்மாவின் இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். பிறகு கட்டுரையாகவும் எழுதினேன். என் அம்மாவை அடித்தது நைனாவின் கை இல்லை, ஆண்டையின் கை என்று முடித்திருந்தேன். நல்ல கைதட்டல். பெரிய தோழர்கள் எல்லாம் வந்து தோளில் தட்டினார்கள். அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அடி வாங்கியவளிடம் கேட்காமலே, அடித்தவருக்காக நான் வக்காலத்து வாங்கியிருந்தேன்.

படத்தின் முடிவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தெலியாவுக்கு ஒரு கடிதம் வருகிறது. அவள் பெயர் போட்டு. கசக்கி எறிகிறாள், பிறகு எடுத்து ஒளித்து வைக்கிறாள். பழைய காதலன் ஒருவன் ஊரை விட்டுப் போகப்போகிறான். அவனோடு ஓடப்போகிறாள் போலிருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பின்னால் ஒரு பையன், "ஓடிடு மே" என்று கத்தினான். மாமனார் செத்துப்போகிறார், போக நினைத்த நாள் தவறிவிடுகிறது. மறுநாள் போகிறாள். ஓடிப் போகவில்லை. ஓட்டுப் போடப் போகிறாள். கடிதம் என்று நாம் நினைத்தது வாக்காளர் அட்டை. 1946 ஜூன் 2, 3 தேதிகளில் இத்தாலியில் மன்னராட்சியா குடியரசா என்று தேர்தல் நடந்தது. நாடு முழுவதற்குமான ஓட்டெடுப்பில் பெண்கள் கலந்துகொண்டது அதுதான் முதல்முறை. ஓட்டுச் சீட்டை எச்சில் தொட்டு ஒட்ட வேண்டும், உதட்டுச் சாயம் பட்டால் செல்லாது. அதனால் வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லாம் சாயத்தைத் துடைக்கிறார்கள். மார்செல்லாவின் உதட்டை ஒருவன் தேய்த்தானே, இங்கே இவர்களே துடைத்துக்கொள்கிறார்கள். துரத்திக்கொண்டு வந்த இவானோ படிக்கட்டின் கீழே நிற்கிறான். பெண்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்க்கிறார்கள். அவன் திரும்பிப் போய்விடுகிறான். கல்யாணத் துணிக்குச் சேர்த்த காசு மகள் படிப்புக்குப் போகிறது.

கைதட்டினார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும் கைதட்டினேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டது: "அந்தப் பொம்பள ஓட்டு போட்டுட்டு இன்னா பண்ணுவா?"

"இன்னா பண்ணுவான்னா?"

"வூட்டுக்குத்தான போவா. ராத்திரிக்கு சோறு யாரு ஆக்குவா? அவன் சும்மா வுடுவானா?"

அதெல்லாம் படத்தில் வராதும்மா, அங்கேயே முடிஞ்சிடுது என்றேன். அம்மா பேசாமல் வந்தது. எனக்குச் சும்மா வர முடியவில்லை. பெரிய படிப்பாளி மாதிரி, "அவனும் பாவம்மா. ரெண்டு போர் பார்த்தவன். நம்ம நைனா மாதிரிதான், வெளியில பட்ட அடி" என்றேன்.

தண்ணீர் டேங்க் பக்கத்தில் அம்மா நின்றுவிட்டது.

"நானும் அதே கழனிக்குத்தாண்டா போனேன். அதே ஆண்டை எனக்கும் வாயில வந்ததெல்லாம் சொன்னான். உங்க நைனாவச் சொன்னதுக்கு மேலயே சொன்னான், பொம்பளையாச்சே. நான் வூட்டுக்கு வந்து யார அடிச்சேன்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே பதிலும் சொன்னது. "உன்னத்தான் அடிச்சேன். அகப்பைக் காம்பால. தப்புதான். அடிக்கும்போதே தப்புன்னு தெரியும். அவருக்கும் தெரியும்டா. தெரியாம ஒண்ணும் அடிக்கல."

இதுக்கு மேல் நான் எழுதப்போவது எல்லாம் அம்மா சொன்ன இந்த நாலு வரிக்கு விளக்கம்தான்.

காரணம் வேறு, நியாயம் வேறு. நைனா அடித்ததற்குக் காரணம் இருந்தது. அது பொய் இல்லை. நாள் முழுக்க மனுஷனாக மதிக்கப்படாதவனுக்குள் என்ன சேரும் என்று எனக்குத் தெரியும், நானும் லைனில் நின்றவன். ஆனால் காரணம் இருப்பதாலேயே ஒரு செயல் நியாயம் ஆகிவிடாது. பட்ட அவமானம் அடிப்பதற்கு உரிமை தருமென்றால், என் அம்மாவுக்கு இரண்டு மடங்கு உரிமை இருந்தது. ஆண்டையிடம் பட்டது, நைனாவிடம் பட்டது. அந்தக் கணக்கில் அம்மா எத்தனை பேரை அடித்திருக்க வேண்டும்? இத்தனையையும் பட்டுவிட்டு என்னை அகப்பைக் காம்பால் அடித்ததைக்கூட அம்மா தப்பு என்றுதான் சொல்கிறது. ஆண்டையைக் காட்டித் தப்பித்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது. நைனாவின் கோபம் கண் தெரியாத கோபம் என்று நான் எழுதியிருந்தேன். அதுவும் சரியில்லை. அந்தக் கோபத்துக்கு நன்றாகக் கண் தெரியும். ஆண்டை முன்னால் அந்தக் கை மடங்கியே இருந்தது. ஆண்டையின் சின்னப் பையன் மேல் ஓங்கவில்லை. ஊர்த்தெரு முனையில் எவ்வளவு போதையிலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தது. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் கை நீண்டது. எங்கே அடித்தால் திருப்பி அடி விழாது என்று பார்த்து அடிக்கிற கோபத்துக்குக் கண் தெரியாது என்று எப்படிச் சொல்வது? சாதி என்பது படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று பாபாசாகேப் விளக்கினார். ஒவ்வொருவனுக்கும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்கிற திருப்தியைக் கொடுத்துத்தான் அது நிற்கிறது என்றார். ஊரின் கடைசிப் படி சேரி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. சேரிக்குள்ளே, குடிசைக்குள்ளே, அடுப்பங்கரையில் இன்னொரு படி இருக்கிறது. அதில் நாமே ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறோம். அங்கே கை ஓங்குகிற நேரம், சாதி செய்யும் வேலையைச் சம்பளம் இல்லாமல் நாம் செய்கிறோம்.

மூன்றாவது, இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. அது நைனாவின் கை இல்லை என்று எழுதினேனே, அதனால் நைனாவுக்கு நான் மரியாதை செய்ததாக நினைத்தேன். உண்மையில் ஆண்டை சொன்னதையே நானும் சொல்லியிருக்கிறேன். இவனுங்களுக்கு அறிவு கிடையாது, நல்லது கெட்டது தெரியாது, மேய்க்கணும் என்பதுதான் ஆண்டையின் பேச்சு. நைனாவுக்குத் தெரியும் என்கிறது அம்மா. தெரிந்துதான் செய்தார், செய்யாமலும் இருந்திருக்கலாம் என்கிறது. அவரைக் குற்றம் சொல்கிற அம்மாதான் அவரை முழு மனுஷனாகப் பார்த்திருக்கிறது. நான் மன்னிப்பு வாங்கித் தருகிறேன் என்று அவரை ஆண்டையின் கைத்தடி ஆக்கிவிட்டேன். மானம் வேண்டும் என்று கேட்கிற நாம், பொறுப்பு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நைனாவை வெறுத்து இதை எழுதவில்லை. மழைக்காலத்தில் ஓடை தாண்டி என்னைத் தோளில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். மாட்டுக்கொட்டகைக்கு நான் வரவே கூடாது என்று ஆண்டையிடம் ஒரே ஒருமுறை நிமிர்ந்து சொன்னவரும் அவர்தான். அதையும் மறைக்க மாட்டேன், இதையும் மறைக்க மாட்டேன்.

இந்த இடத்தில் சில தோழர்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. நம்ம வீட்டு அழுக்கை ஏன் தெருவில் கொட்டுகிறாய்? ஏற்கனவே சினிமாவில் சேரி ஆம்பளை என்றால் குடிகாரன், பொண்டாட்டியை அடிக்கிறவன். நீயும் எடுத்துக் கொடுக்கிறாயா? இது லேசான கேள்வி இல்லை. 1989இல் சிவகாமி 'பழையன கழிதலும்' எழுதியபோதும், 1994இல் பாமாவின் 'சங்கதி' வந்தபோதும் இதே மாதிரிப் பேச்சு எழுந்தது. முதலில் சாதி ஒழியட்டும், பிறகு இதைப் பார்க்கலாம் என்றார்கள். முப்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை.

ஊர்க்காரன் என்ன சொல்வான் என்பதற்கு என் பதில் இது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் புருஷனிடம் அடி உதையோ வேறு கொடுமையோ பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். நூற்றுக்கு 38 பேரும் சேரியிலா இருக்கிறார்கள்? அவர்கள் வீட்டுச் சுவர் தடிப்பம், சத்தம் வெளியே வராது. எங்கள் வீட்டுச் சுவர் தட்டி. அவர்களுடையது குடும்ப விஷயம், எங்களுடையது சாதிக் குணம் என்று பேசுகிற அயோக்கியத்தனத்தை எதிர்க்கத்தான் வேண்டும். அதற்காக எங்கள் பெண்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றால், ஊர்க்காரனுக்குப் பயந்து நாங்களே அவர்கள் வாயைப் பொத்துகிறோம் என்றுதான் ஆகும்.

இனி ஓட்டு விஷயம். படம் ஓட்டோடு முடிகிறது. ஓட்டு என்ன பெரிய விடுதலையா என்று கேட்கலாம். நம்மால் அப்படி லேசாகக் கேட்க முடியாது. தெலியா வரிசையில் நின்ற அதே 1946இல் சென்னை மாகாணத்திலும் தேர்தல் நடந்தது. சொத்து, வரி, படிப்பு இருந்தவர்களுக்கு ஓட்டு. என் ஆயாவுக்கு மூன்றும் இல்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று 1928இல் சைமன் கமிஷன் முன்னால் அம்பேத்கர் கேட்டது, 1951–52 முதல் பொதுத் தேர்தலில்தான் கைக்கு வந்தது. அப்போதும் வட மாநிலங்களில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது. அவர்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்திருந்தார்கள். தெலியாவுக்குத் தன் பெயர் போட்டு ஒரு காகிதம் வந்தது ஏன் பெரிய விஷயம் என்று இதை வைத்துப் பார்த்தால் தெரியும். இத்தாலியில் அந்தத் தேர்தலில் அரசியல் நிர்ணய சபைக்கு 21 பெண்கள் வந்தார்கள். நம் அரசியல் நிர்ணய சபையில் இருந்த பெண்களில் தலித் பெண் ஒரே ஒருவர், தாட்சாயணி வேலாயுதன். கொச்சியில் பிறந்தவர். 1946இல் சென்னை மாகாணத்தில் இருந்து போனார்.

ஓட்டுக்கும் பதவிக்கும் நாம் கொடுத்த விலை வேறு. மேலவளவில் ஊராட்சித் தலைவராக நின்று ஜெயித்ததற்காக 1997 ஜூன் 30இல் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996இல் இருந்து பத்து வருஷம் தலித் தலைவர் வர விடவில்லை. ஆகவே ஓட்டுக்காக ஒருத்தி ஓடுவதைப் பார்த்து என் கண்ணில் தண்ணீர் வந்தது நிஜம்.

ஆனால் அம்மாவின் கேள்வியும் அங்கேயே நிற்கிறது. ராத்திரிக்கு சோறு யாரு ஆக்குவா? 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று சமத்துவம் இருக்கும், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் ஏற்றத்தாழ்வு இருக்கும், இந்த முரண்பாட்டோடு எத்தனை நாள் வாழப்போகிறோம் என்று கேட்டார். இதை நாங்கள் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறோம். ஊர்த்தெருவைப் பார்த்துக் கைநீட்டிப் பேசியிருக்கிறோம். எங்கள் சொந்த அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பேசியதில்லை. 1942இல் நாகபுரியில் தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாட்டில் அவர் பேசியதை எல்லோருக்கும் தெரியும். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தை வைத்தே அளப்பேன் என்றார். ஏப்ரல் 14க்கு எங்கள் பேனரில் அது வரும். அதே பேச்சில் பெண்களைப் பார்த்து, புருஷனுக்குச் சமமான தோழியாக இருங்கள், அடிமையாக இருக்க மறுங்கள் என்றும் சொன்னார். அது ஒருமுறைகூடப் பேனரில் வந்ததில்லை. பேனர் அடிக்கக் கொடுப்பது நாங்கள், ஆண்கள். இந்து சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் போனதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லி அவர் 1951இல் மந்திரி பதவியை விட்டார். பெண்களுக்குச் சொத்தும் மணவிலக்கும் தருவதற்காக ஒருவர் பதவியைத் துறந்திருக்கிறார். நாம் எதைத் துறந்திருக்கிறோம்?

சோறு யார் ஆக்குவது என்பது வீட்டுக் கேள்வி மட்டும் இல்லை என்பதற்கு எங்கள் வட்டாரமே சாட்சி. 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்த்தார்கள் என்று எழுதியது. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. கல்யாணம் ஆனால் வீட்டுப் பொறுப்பு வந்துவிடும் என்பதுதான் அந்தச் செய்தியில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மார்செல்லாவைப் பார்த்து அந்தப் பையன் சொன்னதை இங்கே வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் சொன்னதாகச் செய்தி. அந்த வீட்டுப் பொறுப்பு எங்கிருந்து வந்தது? நான் ஆக்காத சோறுதான் அது.

2021 டிசம்பரில், பூந்தமல்லி ஹாஸ்டல் சாப்பாட்டில் அதே ஆலைப் பெண்கள் நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாக சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தது. படத்தில் பெண்கள் வாயை மூடி எதிர்த்தார்கள், இங்கே வாயைத் திறந்து எதிர்த்தார்கள். எங்கள் காலனி ஆம்பளைங்க அத்தனை பேரும் அந்தப் பெண்களைப் புகழ்ந்தோம். சிங்கம் மாதிரி என்றோம். அதே பெண் வீட்டில் எதிர்த்துக் கேட்டால் என்ன சொல்கிறோம் என்று எனக்குத் தெரியும். வாய் அதிகம் என்கிறோம்.

என்னைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இதுவும் அந்தப் பழைய கட்டுரை மாதிரிதான் ஆகும். ஐந்து வருஷத்துக்கு முன்னால், கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, நாளையிலிருந்து வராதே என்று ஒரு சூப்பர்வைசர் கேட்டிலேயே நிறுத்திச் சொன்னான். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்தேன். என் மனைவி ஏதோ கேட்டாள், கேஸ் சிலிண்டர் காசு என்று நினைக்கிறேன். அடித்துவிட்டேன். ஒரே ஒருமுறைதான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். படத்தில் அந்தக் கிழவன் மகனுக்கு யோசனை சொல்கிறான்: தினமும் அடிக்காதே, பழகிப்போகும், எப்போதாவது ஒன்று, ஆனால் பலமாக. எல்லோரும் சிரித்த இன்னொரு இடம் அது. நான் அந்த இடத்தில் சிரிக்கவில்லை.

என் மனைவிக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். ராத்திரி பஸ்ஸில் இருந்து இறங்கி, சட்டையைக்கூட மாற்றாமல் வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றபோது படத்தில் கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பெண்களுக்கான படம் என்று நோட்டீஸ் அடித்தோம். எந்தப் பெண்களுக்காகப் போட்டோமோ அவர்களில் பாதிப் பேர் லைனில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் போட்டோம். இதுகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அம்மா படுத்த பிறகு அவள் கேட்டாள். "இன்னா கதைங்க அது? எதுக்கு எல்லாரும் அழுதாங்க?"

முதலில் இருந்து சொன்னேன். காலை வணக்கம் சொல்வதையும் அறை விழுவதையும் சொன்னேன்.

"எதுக்கு அடிச்சான்?"

அவன் ரெண்டு போர் பார்த்தவன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். "எதுக்கும் இல்ல. அடிச்சான்" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த கேஸ் சிலிண்டர் நாளைப் பற்றி அப்போதுதான் முதல்முறையாகப் பேசினேன். மன்னிப்பு கேட்டேன். "இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

அம்மா தூங்கவில்லை போலிருக்கிறது. இருட்டில் இருந்து குரல் வந்தது. "உங்க நைனா சொன்ன சின்னத்துல நான் ஒருநாளும் குத்துனது இல்ல. வந்து, அதுலதான் குத்துனேன்னு சொல்லிடுவேன்."

நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். "எதுலம்மா குத்துன?"

"அத எதுக்கு உனக்குச் சொல்லணும்?" என்றது அம்மா.

அடுத்த வாரம் படிப்பகத்தில் கூட்டம் போட்டோம். அதே படத்தை மறுபடி போடுவது, இந்த முறை எல்லாக் கம்பெனிக்கும் லீவு இருக்கிற ஞாயிற்றுக்கிழமை மதியம் போடுவது, அன்றைக்குக் காலனி முழுவதற்கும் ஆம்பளைங்களே சமைப்பது என்று நான் சொன்னேன். ஞாயிறு மதியம் போடுவதற்கு எல்லோரும் கை தூக்கினார்கள். சமையலுக்குப் பெயர் கொடுக்க நோட்டைச் சுற்றுக்கு விட்டோம். நாற்பது பேர் இருந்த கூட்டத்தில் ஆறு பெயர் வந்தது. நோட்டு இன்னும் படிப்பகத்தில்தான் இருக்கிறது.